பதிவேடுகளின் உறவும் அடைவும்

பாலக்காடு ஜில்லாவின் கீழைக் கோடியில், கோயமுத்தூர் எல்லையை அடுத்துச் சித்தூர்த் தாலூகாவில் அமைந்திருப்பது கொழிஞ்சாம்பாறை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் மிகுதியாக வாழும் ஊர். தமிழில் நாம் கொழிஞ்சாம்பாறை என்று எழுதுகிறோம். மலையாளத்தில் கொழிஞ்ஞாம்பாற என்பது வழக்கு. ஆங்கில எழுத்தில் எழுதுவோரோ ழகரத்துக்கும் ஞகரத்துக்கும் தத்தமக்குத் தோன்றியவாறு எழுத்துக் கூட்டிக்கொள்வர். ஊரின் பெயருக்கே இக்கதி எனில், அவ்வூரில் நிலம் வைத்திருக்கும் குடியானவர் ஒருவரின் பெயர் மும்மொழிகளில் எழுதப்பெறும் பல பதிவேடுகளில் எத்தனை வடிவம் கொள்ளும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? தமிழ்ப் பத்திரத்தில் தந்தையின் முதலெழுத்து முன்னால் நிற்கும். மலையாளப் பதிவில் வீட்டுப் பெயர் வந்து சேரும். கந்தசாமி ஓரிடத்தில் கந்தஸ்வாமி ஆவார். ஆள் ஒருவரே என்பதை ஊரார் அறிவர். ஏடு அறியாது.

இவ்விடர்ப்பாட்டினைக் கேரளத்து வருவாய் நிருவாகம் நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தது. கிராம அலுவலகங்களில் உள்ள தண்டப்பேர் ஏட்டினைக் கண்டவர்கள் இதனை அறிவார்கள். நிலம் உடையார் ஒவ்வொருவருக்கும் அந்தக் கிராமத்தில் ஒரு தண்டப்பேர் எண் உண்டு. அவர் வசமுள்ள சர்வே எண்கள், விஸ்தீரணம், செலுத்த வேண்டிய நிலவரி ஆகியன அனைத்தும் அவ்வெண்ணின்கீழ் எழுதப்படும். கிரயம் நடந்து போக்குவரவு செய்யப்பட்டதும் நிலம் ஓர் எண்ணிலிருந்து மற்றோர் எண்ணுக்கு மாறும். பெயர் எப்படி எழுதப்பட்டாலும் எண் பிசகாது.

கணிப்பொறியில் தரவுத்தளம் அமைப்போர் பிரைமரி கீ என்று கூறுவது இத்தகையதோர் எண்ணையே. இக்கட்டுரையில் இதனை முதன்மைச் சாவி என்போம். ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்பார் 1970-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளியிட்ட கட்டுரையில், விவரங்களை அட்டவணை அட்டவணையாக வைத்து, அவற்றிடையே உள்ள உறவைச் சாவிகளால் மட்டுமே குறிக்கலாம் என்னும் கருத்தை முன்வைத்தார். முதன்மைச் சாவி, ஃபாரின் கீ ஆகிய இரு சொற்களும் அக்கட்டுரையிலேயே உள்ளன. பின்னதை நாம் அயற்சாவி என்று வழங்குவோம். வேறோர் ஏட்டின் முதன்மைச் சாவி இந்த ஏட்டில் வந்து தங்கியிருப்பது அது. தண்டப்பேர் ஏட்டில் தண்டப்பேர் எண் முதன்மைச் சாவி. வரி ரசீது ஏட்டில் அதே எண் அயற்சாவி.

ஆசிரியர்களுக்கு இது புதிதன்று. சித்தூர்த் தாலூகாவில் தமிழ் வகுப்புகள் நடைபெறும் பள்ளிகள் உள்ளன; அங்கும் ஏனைய பள்ளிகளிலும் மாணவன் சேர்ந்த அன்று சேர்க்கைப் பதிவேட்டில் ஓர் எண் வழங்கப்படுகிறது. அவன் பள்ளியை விட்டு நீங்கிய பின்னும் அவ்வெண்ணை வேறொருவனுக்குக் கொடுப்பதில்லை. வகுப்பில் அழைக்கும் வரிசை எண்ணோ ஆண்டுதோறும் மாறுவது. மதிப்பெண் ஏட்டில் வரிசை எண்ணை மாத்திரம் எழுதி வைத்தால், மூன்றாண்டு கழித்து அம்மதிப்பெண் யாருடையது என்று கூற எவராலும் இயலாது. நல்ல சாவியின் இலக்கணம் இவ்வளவே: தனித்திருத்தல், மாறாதிருத்தல், வெறுமையாக விடப்படாதிருத்தல்.

இனி, அயற்சாவிச் சோதனை என்பதைக் காண்போம். வரி ரசீது ஏட்டில் ஒரு ரசீதைப் பதியும்போது, அதில் கண்ட தண்டப்பேர் எண் உண்மையிலேயே தண்டப்பேர் ஏட்டில் உள்ளதா என்று கணிப்பொறி பார்க்கிறது. இல்லையெனில் பதிவை ஏற்க மறுக்கிறது. இது ஒரு திசை. மற்றொரு திசையும் உண்டு. பலர் மறந்துவிடுவது இதனையே. தண்டப்பேர் ஏட்டிலிருந்து ஓர் எண்ணை நீக்க முற்பட்டால், அல்லது அவ்வெண்ணையே மாற்ற முற்பட்டால், அதனைச் சுட்டி நிற்கும் ரசீது ஏதேனும் உளதா என்று கணிப்பொறி ரசீது ஏட்டினைத் தேடியாக வேண்டும். இருந்தால் நீக்கலை மறுக்கும். அல்லது முன்னமே கட்டளையிட்டிருப்பின் ரசீதுகளையும் உடன் நீக்கும், அல்லது மாற்றும். தாய் ஏட்டை விட்டுப் பிரிந்த அநாதைப் பதிவு எதுவும் எஞ்சலாகாது என்பதே நோக்கம்.

அநாதைப் பதிவு என்பது கணிதச் சங்கடம் மட்டுமன்று. வரி செலுத்தியவரின் ரசீது, இல்லாத எண்ணைச் சுட்டிக்கொண்டு நின்றால், அவர் கணக்கில் வரி பாக்கி என்றே தோன்றும். வங்கிக் கடனுக்கு உடைமைச் சான்று கேட்டு வருபவர், பணம் கட்டிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே வெறுங்கையுடன் திரும்ப நேரும். ஓய்வூதியம், உணவுப் பங்கீடு, பயிர் இழப்பீடு இவை யாவற்றிலும் இதே அபாயம் உண்டு. ஆதலின் இச்சோதனை வேண்டும் என்பதில் ஐயமில்லை.

சோதனைக்கு ஆகும் காலம் எவ்வளவு? இங்கேதான் அடைவு வருகிறது. இண்டெக்ஸ் என்று கணிப்பொறியாளர் வழங்குவதனை, நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவை நினைந்து அடைவு என்கிறேன். சீர்காழியில் 1892-ல் பிறந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், 1931-ல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளுள் நான்காவதாக வாசகரின் நேரத்தைக் காப்பதை வைத்தார். நூலக அட்டைப் பெட்டிகள் யாவும் அதன்பொருட்டே. பெட்டியில்லாத நூலகத்திலும் புத்தகம் இருக்கத்தான் செய்கிறது. தேடி எடுப்பதற்குள் பள்ளி மணி அடித்துவிடும்.

கணிப்பொறியின் அடைவு பெரும்பாலும் பி-மரம் என்னும் அமைப்பில் உள்ளது. போயிங் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ருடால்ஃப் பேயர், எட்வர்ட் மெக்ரைட் ஆகிய இருவரும் வகுத்து, 1972-ல் விரிவாக வெளியிட்டது இது. ஒரு பக்கத்தில் முந்நூறு குறிப்புகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு குறிப்பும் அடுத்த நிலையில் ஒரு பக்கத்தைக் காட்டும்; அதிலும் முந்நூறு. மூன்றே நிலைகளில் 2 கோடியே 70 இலட்சம் பதிவுகளை எட்டிவிடலாம். அதாவது ஒரு கோடி ரசீதுகளில் ஒன்றைக் காண மூன்று நான்கு பக்கங்களைப் புரட்டினால் போதும். அடைவு இல்லையேல் ஒரு கோடியையும் முதலிலிருந்து இறுதிவரை படிக்க வேண்டும்.

முதன்மைச் சாவிக்கு அடைவு தானாகவே அமைந்துவிடுகிறது. தனித்திருத்தலைக் காப்பதற்கு அதுவே கருவி. ஆகவே ரசீது பதியும்போது நிகழும் முதல் திசைச் சோதனை விரைவாக முடிகிறது. இடர் இரண்டாம் திசையில். ரசீது ஏட்டில் உள்ள அயற்சாவிக்கு அடைவு தானாக அமையும் என்று பலர் எண்ணுகின்றனர். மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி அதனைத் தானே அமைத்துக்கொள்கிறது என்பது உண்மை. போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், எஸ்கியூஎல் சர்வர் ஆகியவை அமைப்பதில்லை. அமைப்பவர் தாமே கட்டளையிட வேண்டும். ஒன்றில் பழகியவர் மற்றொன்றுக்கு மாறும்போது, பழைய வீட்டில் இருந்த விளக்கு புதிய வீட்டிலும் எரியும் என்று நம்பி இருளில் நடப்பது போலாகிறது.

ஒரு கணக்கினைப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்குப் பல கிராமங்களில் உள்ள தண்டப்பேர்களை ஆதார் எண்ணோடு இணைத்து ஒரே எண்ணின்கீழ்க் கொணரும் திட்டம் கேரளத்தில் 2022-ல் தொடங்கப்பெற்றது. இத்தகைய பணியில் ரசீதுகளைப் புதிய எண்ணுக்கு மாற்றிய பிறகு, தேவையற்றுப்போன 5,000 பழைய எண்களை நீக்க வேண்டியுள்ளது என்று வைத்துக்கொள்வோம். ரசீது ஏட்டில் ஒரு கோடி வரிகள். அடைவு இல்லையெனில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு கோடி வரிகளையும் பார்த்து, யாதொன்றும் இல்லை என்று உறுதி செய்தல் வேண்டும். மொத்தம் 5,000 கோடி வரிகள். நொடிக்குப் பத்து இலட்சம் வரி படிக்கும் இயந்திரமாயினும் ஏறத்தாழப் பதினான்கு மணி நேரம் ஆகும். அடைவு இருப்பின், எண்ணுக்கு நான்கு பக்கம் வீதம் 20,000 பக்கங்கள். சில விநாடி வேலை. நீக்குவது ஒரு ஏட்டில், தாமதம் மற்றோர் ஏட்டில் என்பதால், காரணம் எங்கே என்று தேடுவோர் பெரும்பாலும் தவறான இடத்தில் தேடுகின்றனர்.

நேரம் மட்டுமன்று, பூட்டும் உண்டு. ஆரக்கிளில் அயற்சாவிக்கு அடைவு இல்லாதபோது, தாய் ஏட்டில் ஒரு பதிவை நீக்கினாலோ சாவியை மாற்றினாலோ, சார்பு ஏடு முழுவதற்கும் பூட்டு விழுகிறது. மார்ச்சு மாத இறுதியில் வரி கட்ட மக்கள் வரிசையில் நிற்கும் வேளையில், ஓர் அறையில் ஒருவர் ஓர் எண்ணைத் திருத்த, மற்றோர் அறையில் ரசீது எழுத இயலாமல் அனைவரும் காத்திருப்பர் என்பது இதன் பொருள். திருத்தியவருக்கும் காத்திருப்பவர்களுக்கும் தொடர்பு தெரியாது. இணையம் சரியில்லை என்று கூறி மக்களைப் போகச் சொல்லிவிடுவார்கள்.

நான் வன்மையாகச் சொல்ல விரும்புவது ஒன்று. இவ்வாறு வேலை தாமதிக்கும்போது, அடைவைச் சேர்க்காமல் சோதனையையே நீக்கிவிடும் பழக்கம் பரவியிருக்கிறது. ஓர் அலுவலகத்தில், அயற்சாவிச் சோதனை சுமையென்று கருதி அதனை எடுத்துவிட்டு, சரிபார்க்கும் பொறுப்பைத் திரையில் விவரம் நிரப்பும் நிரலிடம் விட்டதை நேரில் கண்டிருக்கிறேன். ஓராண்டு நன்றாகவே நடந்தது. பின்னர் வேறொரு நிரல் வழியாகப் பழைய ஏடுகளை மொத்தமாக ஏற்றினார்கள், அந்நிரல் சரிபார்க்கவில்லை. தாயற்ற பதிவுகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பழைய காகிதங்களுடன் ஒப்பிட்டுச் சீர்செய்ய ஊழியர்கள் பட்ட பாட்டினை ஒப்பிடுங்கால், அடைவு ஒன்றை அமைக்கும் கட்டளை ஒற்றை வரி. குடை கனக்கிறது என்று மழைக்காலத்தில் அதனை எறிந்தவர்களை என்னென்பது?

அடைவு உண்டு என்று சொல்லப்படும் இடத்திலும் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. தண்டப்பேர் எண் ஒரு கிராமத்துக்குள் மட்டுமே தனித்தது. கொழிஞ்சாம்பாறையில் 215 என்பவர் வேறு, அடுத்த கிராமத்தில் 215 என்பவர் வேறு. எனவே முதன்மைச் சாவி, கிராமம், எண் ஆகிய இரண்டும் சேர்ந்தது. ரசீது ஏட்டினை ஆண்டுவாரியாகப் பார்ப்பது அலுவலக வழக்கம் ஆதலால், ஆண்டு, கிராமம், எண் என்னும் வரிசையில் ஓர் அடைவு ஏற்கெனவே இருக்கக்கூடும். அது அயற்சாவிச் சோதனைக்கு உதவுமோ என்றால், பெரும்பாலும் உதவாது. சோதனைக்கு ஆண்டு தெரியாது. கிராமமும் எண்ணும் மட்டுமே தெரியும். அகராதியில் சொற்கள் முதலெழுத்தின்படி அடுக்கப்பட்டிருக்க, மூன்றாம் எழுத்து மட்டும் தெரிந்தவன் என் செய்வான்? கிராமத்தையும் எண்ணையும் முன்வைத்து ஆண்டினைப் பின்வைக்கும் அடைவே வேண்டும். அது ஆண்டுவாரித் தேடலுக்கும் ஓரளவு பயன்படும், கிராமமும் எண்ணும் கையில் இருக்கும்போது.

சாவிக்குப் பொருள் இருக்கலாமா என்னும் வினாவும் இங்கு எழுகிறது. சர்வே எண்ணையே சாவியாகக் கொள்ளலாம் என்பது இயல்பான எண்ணம்; நிலம் நகர்வதில்லையே. ஆனால் நிலம் நகராவிடினும் எண் நகர்கிறது. சித்தூர்ப் பகுதி கொச்சி இராஜ்யத்தில் இருந்தது. கொச்சி 1949-ல் திருவிதாங்கூருடன் இணைந்தது. 1956 நவம்பரில் கேரளம் அமைந்தது. 1957 ஜனவரியில் பாலக்காடு ஜில்லா உருவாயிற்று. பின்னர் மறுஅளவை நடந்த கிராமங்களில் பழைய சர்வே எண் போய், பிளாக் எண்ணும் ரீசர்வே எண்ணும் வந்தன. 2022 நவம்பர் 1-ஆம் நாள் கேரளத்தில் எண்ணியல் மறுஅளவை தொடங்கப்பட்டு, நிலங்கள் மீண்டும் அளக்கப்படுகின்றன. பாட்டனார் காலத்துப் பத்திரம் பழைய எண்ணையே சுட்டும். வரி ஏடு புதிய எண்ணைச் சுட்டும். இரண்டையும் பொருத்தும் ஒப்புமைப் பட்டியல் அலுவலகத்தில் இல்லையேல், பத்திரம் அயற்சாவி அறுந்த பதிவாகிவிடும்.

சர்வே எண்ணைச் சாவியாக வைத்துவிட்டு, அது மாறும்போது சார்பு ஏடுகள் அனைத்திலும் மாற்றம் தானே தொடர்ந்து செல்லட்டும் என்று கட்டளையிட இயலும். இயலும் என்பதற்காகச் செய்யத்தகும் என்று சொல்லமாட்டேன். ஒரு நிலத்துண்டின் எண் மாறினால் ரசீது, அடமானம், உடைமைச் சான்று, பாசனம் என்று எத்தனை ஏடுகள் உள்ளனவோ அத்தனையிலும் கணிப்பொறி தேடி மாற்ற வேண்டும்; எவற்றுக்கெல்லாம் அடைவு இல்லையோ அவற்றையெல்லாம் முழுவதும் படிக்க வேண்டும். அதனினும் மேலாக, பழைய எண் என்னவாக இருந்தது என்னும் வரலாறே அழிந்துபோகும். பொருளற்ற ஓர் உள் எண்ணைச் சாவியாக்கி, சர்வே எண்ணை அதன் பக்கத்தில் தேதியோடு எழுதி வைப்பதே என் அபிப்பிராயத்தில் சிறந்த முறை. கணக்கெடுப்புக்குச் செல்லும் ஊழியர்கள் வீட்டு எண் விஷயத்தில் இதனை நன்கறிவர். கேரளத்தில் 2024, 2025-ஆம் ஆண்டுகளில் வார்டு எல்லைகள் மறுவரையறை செய்யப்பட்டன. வார்டு எண்ணை உள்ளடக்கிய வீட்டு எண்ணைச் சாவியாகக் கொண்ட எந்த ஏட்டுக்கும் அது ஒரு சோதனைக் காலமே.

எல்லைப்புற ஊர்களுக்கென்று ஒரு தனித் துன்பமும் உண்டு. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கோயமுத்தூர் ஜில்லாவிலும் நிலம் இருக்கலாம். அங்கே பட்டா எண், இங்கே தண்டப்பேர். அயற்சாவிச் சோதனை ஒரே தரவுத்தளத்துக்குள்ளே நிகழ்வது. இரு மாநிலங்களின் ஏடுகளுக்கிடையே அது செல்லாது. மத்திய நிலவளத் துறை நிலத்துண்டு ஒவ்வொன்றுக்கும் 14 குறிகள் கொண்ட தனியெண் வழங்கும் முறையைக் கொணர்ந்திருப்பது இத்தகைய இடைவெளியை நோக்கியே என்று கருதலாம். ஆயினும் பொதுவான எண் இருப்பது வேறு. அவ்வெண்ணைச் சரிபார்ப்பது வேறு.

கள ஊழியர்கள் கையில் கொண்டு செல்லும் சிற்றேடுகள் இப்போது பலகைக் கணிப்பொறிகளாகவும் கைப்பேசிகளாகவும் மாறியுள்ளன. அவற்றினுள் பெரும்பாலும் இருப்பது எஸ்கியூலைட் என்னும் தரவுத்தளம். அதில் அயற்சாவிச் சோதனை இயல்பாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு முறை தரவுத்தளத்தைத் திறக்கும்போதும் நிரல் அதனை இயக்கச் சொல்ல வேண்டும். அயற்சாவியை எழுதி வைத்துவிட்டுச் சோதனையை இயக்க மறந்தால், பதிவுகள் எதிர்ப்பின்றிச் சேரும். மாலையில் அலுவலகத் தரவுத்தளத்தில் ஏற்றும்போது அது மறுக்கும். அதற்குள் ஊழியர் பத்து மைல் கடந்து வந்திருப்பார். எந்த வீட்டுக்கு எந்தப் பதிவு என்று நினைவிலிருந்து எழுத வேண்டியதுதான்.

எனில், எல்லாவற்றுக்கும் அடைவு வைத்துவிடலாமே என்று கேட்கலாம். அதுவும் முறையன்று. ஒவ்வொரு பதிவு சேரும்போதும் அடைவிலும் ஒரு குறிப்பு எழுதப்பட வேண்டும். ஏட்டுக்கு எட்டு அடைவு இருந்தால் ஒரு ரசீதுக்கு ஒன்பது இடத்தில் எழுத்து வேலை. இடமும் செலவாகும். ஒரு குறிப்பேட்டின் சாவிகள் என்றும் நீக்கப்படுவதில்லை, மாற்றப்படுவதுமில்லை, அச்சாவியைக் கொண்டு சார்பு ஏட்டில் எவரும் தேடுவதுமில்லை என்றால், அந்த அயற்சாவிக்கு அடைவு இன்றியும் காலம் தள்ளலாம். ஜில்லாக்களின் பட்டியல் அத்தகையது. ஜில்லாவை யாரும் நாள்தோறும் நீக்குவதில்லை. ஆனால் தண்டப்பேர், மாணவர், பயனாளர் போன்ற ஏடுகள் அப்படியல்ல. ஐயம் உள்ள இடத்தில் அடைவு வைப்பதே நன்று என்பேன்.

புதிய நிரல் ஒன்று அலுவலகத்துக்கு வரும்போது அதனைச் சோதித்துப் பார்க்குமாறு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் கேட்பது வழக்கம். அவர்கள் நூறு பெயர்களை ஏற்றி, இரண்டினை நீக்கி, நன்றாக வேலை செய்கிறது என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நூறு வரிகளை முழுவதும் படிக்கவும் கணிப்பொறிக்குக் கண்ணிமைக்கும் நேரமே ஆகும்; அடைவின்மை அங்கே வெளிப்படாது. ஐந்தாண்டு கழித்து, ஏடு நிரம்பிய பிறகே அது தலைகாட்டும். அப்போது நிரலை எழுதியவர்கள் அங்கே இருக்கமாட்டார்கள். ஆகவே கையொப்பமிடுவதற்கு முன், இந்த எண்ணை நீக்கினால் எந்தெந்த ஏடுகள் தேடப்படும், அவை ஒவ்வொன்றிலும் இவ்வெண் முதலாவதாக நிற்கும் அடைவு உண்டா என்று நிரல் அமைத்தவரிடம் கேட்டு, விடையை எழுத்தில் பெற்று, கோப்பிலே வைத்துக்கொள்ளலாம். இதற்குக் கணிப்பொறிப் படிப்பு தேவையில்லை. தண்டப்பேர் ஏட்டினையும் சேர்க்கைப் பதிவேட்டினையும் ஒழுங்காக எழுதிப் பழகியவர்களுக்கு இக்கேள்வி எளிதில் வரும்.